வாயில் வைக்கக் கூடாது

நோட்டீஸை ஒட்டுவதற்குப் பசை இல்லை. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, மைதா மாவு இன்னும் கண்ணில் படவில்லை. பியூன் காசிமாயன் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமைக் குமாஸ்தா ஹாலாஸ்யத்தின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"சாமி, உங்க தூக்குலருந்து ஒரு உருண்ட சோறு குடுங்க. ஒட்டிட்டு வாரேன்."

"ஏன், நீ கொண்டுவந்த சாதத்துக்கு என்ன கேடு?"

"அது ரேசன் அரிசி சாமி. ஒட்டாது. உதிந்துரும்."

காசிமாயன் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் அதட்டி அனுப்பியிருக்கலாம். ஹாலாஸ்யம் தூக்கைத் திறந்து, தயிர் படாத ஓரமாகப் பார்த்து ஓர் உருண்டையை எடுத்து ஒரு காகிதத் துண்டில் வைத்து நகர்த்தினார். காசிமாயன் அதைக் கட்டைவிரலால் நசுக்கி நோட்டீஸின் முதுகில் தேய்த்தான். அந்த விரலின் நகம் பாதி கறுத்துச் செத்திருந்தது. மத்தியானம் சாப்பிடப்போகிற சோற்றின் ஒரு பகுதி அந்த நகத்தின் இடுக்கில் ஏறுவதை ஹாலாஸ்யம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெற்றிலை எச்சில் வழிந்து காய்ந்த சுவரில், வாசலுக்கு உள்பக்கமாக, நோட்டீஸ் ஒட்டிக்கொண்டது. இந்த ரேஷன் ஆபீசுக்குள் சிப்பந்திகள் எவரும், எந்த நேரத்திலும், எக்காரணம் கொண்டும், எந்த உணவுப் பொருளையும் வாயில் வைக்கக் கூடாது. வாசகம் ஹாலாஸ்யத்தினுடையது. கீழே ஆபீசர் விஸ்வேஸ்வரனின் கையெழுத்து.

எல்லாம் போன வெள்ளிக்கிழமை வந்த வினை. ஆபீஸ் ஒரு பழைய வீடு. கம்பி போட்ட ஜன்னல்களை ஒட்டித்தான் கார்டுக்காரர்களின் வரிசை நிற்கும். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே வெந்துபோவார்கள். அதனால் ஒரு மணிக்குக் குமாஸ்தாக்கள் மேஜையிலேயே சாப்பிடுவதை வரிசை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே நின்றது. ஹாலாஸ்யம் முதுகைக் காட்டி உட்காருவார். அப்படியும் பிடரியில் ஈ மொய்ப்பது போலிருக்கும். மனிதன் தின்பதைப் பார்ப்பதே அவருக்கு ஆகாது. சின்ன குமாஸ்தா சௌரிராஜன் விரலை ஒவ்வொன்றாக உறிஞ்சுவான். ஆபீசர் வருவதற்கு முன்னால் அவருடைய ஏப்பம் வரும். இவற்றையெல்லாம் சகித்துக்கொண்டு, தன் வாயையும் அடுத்தவனுக்குத் தெரியாமல் அசைத்து, அவசரமாகத் தின்று முடிப்பார். வெள்ளிக்கிழமை அவர் தூக்கைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது.

"சாமி, அது எந்தக் கடை அரிசி? சொன்னீங்கன்னா நாங்களும் அந்தக் கடைக்கே கார்டை மாத்திக்கிருவோம்ல."

வரிசை சிரித்தது. முன்னால் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். தெருமுனை வரை நின்றவர்கள் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். அந்தச் சோறு அவ்வளவு வெள்ளையாக இருந்தது. மனைவி விஜயத்தின் பூர்வீக நிலம் திருமங்கலத்துப் பக்கம் இருந்தது. அறுப்பு முடிந்ததும் வண்டியில் மூட்டைகள் வரும். ஊர்விட்டு ஊர் நெல் கொண்டுபோகத் தடை இருந்தது; ஆனால் இந்த வண்டியை வழியில் மறிக்கக் கூடாது என்று ஒரு பாஸ் உண்டு. அதை ஹாலாஸ்யம் டைப் அடிப்பார், விஸ்வேஸ்வரன் கையெழுத்துப் போடுவார். மூட்டைகளில் ஒன்று விஸ்வேஸ்வரன் வீட்டில் இறங்கும். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

"இனிமே ஆபீஸ்ல ஒருத்தரும் சாப்பிடப்படாது," என்றார் விஸ்வேஸ்வரன். "டிராப்ட் போடுங்கோ ஹாலாஸ்யம்." அவருக்கு வீடு இரண்டு தெரு தள்ளி. பன்னிரண்டரைக்குப் போய், கன்னத்தில் தலையணை மடிப்போடு திரும்பி வருவார்.

ஓட்டை இல்லாமல் எழுதுவது ஹாலாஸ்யத்தின் இருபத்திரண்டு வருஷத்துப் பெருமை. முதலில் 'சாப்பிடக் கூடாது' என்று எழுதினார். முறுக்கு சாப்பாடு ஆகாது என்று சௌரிராஜன் வாதாடுவான். காபி, வெற்றிலை, வேர்க்கடலை என்று ஒவ்வொருவனும் ஒரு சந்து கண்டுபிடிப்பான். ஒவ்வொரு சந்தாக அடைத்துக்கொண்டே வந்தார். அடைத்து முடித்ததும் அவருக்கே திருப்தியாக இருந்தது. நல்ல பிரதியைப் படித்த சௌரிராஜன்தான் கேட்டான்.

"ஸார், புகார் வந்தா நீங்க அரிசிய மென்னு பாத்துத்தான எழுதுறீங்க? அதுவும் இதுல அடங்கிருமே."

ஹாலாஸ்யத்துக்குக் காது சுட்டது. அவன் சொன்னது சரி. ஒரு கடை அரிசி கெட்டது என்று யாராவது வந்தால் தலைமைக் குமாஸ்தா அதில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மென்று பார்த்து, புகார்ப் புத்தகத்தில் 'உண்ணத் தக்கது' என்றோ 'உண்ணத் தகாதது' என்றோ எழுத வேண்டும். தகாதது என்று எழுதினால் கடையில் மிச்சமுள்ள மூட்டைகள் திரும்பிப் போகும், ஜனங்களுக்கு வேறு அரிசி வரும். இந்த வட்டாரத்தில் சர்க்காரின் பரிசோதனைச் சாலை என்பது ஹாலாஸ்யத்தின் நாக்குதான். அதை அவர் தன் கையாலேயே பூட்டியிருந்தார். பிரதியை எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, திருத்தட்டுமா என்று கேட்டார். விஸ்வேஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே யோசித்தார்.

"அடங்கட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் ஒட்டி ஒரு மணி நேரம் ஆகவில்லை, வில்லாபுரத்திலிருந்து முனியாயி என்ற கார்டுக்காரி வந்தாள். ஜன்னலுக்கு வராமல் நேரே வாசல் வழியாக உள்ளே வந்தாள். காசிமாயன் தடுக்கவில்லை. இடுப்பிலிருந்த ஈயம் பூசிய பாத்திரத்தை மேஜைமேல் வைத்து மூடியை எடுத்தாள். சாக்கு ஊறிய நாற்றம், அதற்கு அடியில் செத்த எலி, அதற்கும் அடியில் மண்ணெண்ணெய். சௌரிராஜன் எழுந்து தள்ளிப் போனான். சோறு பழுப்பாகக் குழைந்து கிடந்தது. புழுக்கள் சோற்றோடு சோறாக வெந்திருந்தன. கறுத்த தலையை வைத்துத்தான் பிரித்தறிய முடிந்தது.

"எங்க தெருவுல பதினொரு பேருக்குக் கழிச்சல் சாமி. என் மாமியா எந்திரிக்கல. பக்கத்து வீட்டுக் காளையோட மகன் கண்ணு சொருகிக் கெடக்கான். கடைக்காரரு, ஆபீசுல தகாதுன்னு எழுதி வாங்கிட்டு வா, மூட்டையத் திருப்பிருதேன்ங்கிறாரு. இன்னும் முப்பது மூட்ட கெடக்கு. நாளைக்கு அதைத்தான் அளப்பாங்க. வேணாம்னா வாரம் பூராம் பட்டினி."

முப்பது மூட்டையும் போன வாரம் விஸ்வேஸ்வரன் பார்த்து இறக்கச் சொன்னவை. ஹாலாஸ்யம் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். "மென்னு பாத்துத்தாம்மா எழுதணும். ஆபீஸ்ல எதையும் வாயில வைக்கப்படாதுன்னு உத்தரவு."

"கண்ணால பாத்தாலே தெரியலையா?"

"பாத்து எழுத விதியில்லை. அங்கே நோட்டீஸ் போட்டிருக்கு பார்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது."

காசிமாயன், யாரும் கேட்காமலே, நோட்டீஸை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தான். வரிசையும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டது. முனியாயி முழுவதையும் கேட்டாள். பிறகு சுவரருகே போய், காகிதத்தின் ஓரத்தில் பிதுங்கி நின்ற ஒரு பருக்கையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒட்டுன சோறு நல்லாருக்கு," என்றாள். பாத்திரத்தை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹாலாஸ்யத்துக்கு நிம்மதியாக இருந்தது. மலச்சிக்கல்காரனுக்கு வருகிற நிம்மதி மாதிரி, வெளியே சொல்ல முடியாத ஒன்று. அந்தக் காகிதம் இவ்வளவுக்கு உதவும் என்று எழுதியபோது நினைக்கவில்லை. மேஜையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைக்கச் சொன்னார். நாற்றம் போகவில்லை.

ஒரு மணிக்கு சௌரிராஜன் காபி கிளப்புக்குப் போனான். ஹாலாஸ்யம் கிளப்பில் சாப்பிடுகிறவர் அல்ல. தூக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஒரு புங்கமரம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகை, எதிரே முற்றத்தைத் தாண்டிக் கக்கூஸ். பினாயிலையும் மீறி அது தான் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்தால் ஆபீஸில் உட்கார்ந்ததாகுமா என்று ஒரு கணம் யோசித்து, படியைவிட்டு ஒரு முழம் தள்ளி ஒரு கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். ஈக்கள் கக்கூஸிலிருந்து தூக்குக்கும் தூக்கிலிருந்து கக்கூஸுக்கும் போய் வந்தன. இரண்டு வாய் தின்றிருப்பார். சோற்றின் மேல் நிழல் விழுந்தது.

"இது ஆபீசுக்கு வெளிய தான சாமி?"

முனியாயி. அவளுக்குப் பின்னால் வரிசையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். காசிமாயன் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றான். ஹாலாஸ்யத்தின் வாய் நிறைந்திருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் மென்று விழுங்குவதற்குள் உடம்பு கூசிப்போயிற்று.

"சாப்பிடற வேளையிலே என்ன இது? மூணு மணிக்கு வா."

"மூணு மணிக்கு உள்ள இருப்பீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் குந்தி உட்கார்ந்தாள். "சோறு வேணாம். நான் ஆக்குனத நீங்க தொட மாட்டீங்கன்னு தெரியும். அரிசியாவே கொண்டாந்துருக்கேன்." முந்தியை அவிழ்த்தாள். அரிசி புழுநூல் பிடித்து, கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. மாவு போன்ற தூசிக்குள் ஏதேதோ ஊர்ந்தன.

எச்சில் கையோடு எழுந்து போய்விட முடியாது. போகத்தான் எங்கே இடம். சீக்கிரம் தொலையட்டும் என்று கையை நீட்டி, ஒரு சிட்டிகை எடுத்தார். தயிர் ஈரத்தில் அரிசி விரலில் அப்பிக்கொண்டது.

"எங்களுக்குச் சிட்டிகையா அளக்கல சாமி."

கோபம் வந்தது. அவள்மேலா, சுற்றி நிற்கிறவர்கள்மேலா, தன் நோட்டீஸின்மேலா என்று பிரிக்க முடியாத கோபம். அதே கையை மறுபடி முந்திக்குள் விட்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

முதலில் கசப்பு. பிறகு மண்ணெண்ணெய் மூக்கு வரை ஏறியது. கடைவாயில் கல் நறநறத்தது. கல்லுக்குப் பக்கத்தில் அரிசி அல்லாத மெத்தென்ற ஒன்று உடைந்து வழவழப்பாகப் பரவியது. தலையைத் திருப்பித் துப்பினால் போதும். துப்பினால் தகாதது. தகாதது என்றால் விஸ்வேஸ்வரன் இறக்கச் சொன்ன முப்பது மூட்டையும் திரும்பும். விஸ்வேஸ்வரன் அடுத்த பாஸில் கையெழுத்துப் போட மாட்டார், பழைய பாஸ்களைக்கூட நினைவுபடுத்திக்கொள்வார். இதெல்லாம் நினைத்தாரா என்றால், நினைக்கக்கூட நேரமில்லை. பன்னிரண்டு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் கூட்டம் நிற்கும்போது வாயிலிருந்ததை வெளியே தள்ள உடம்பு சம்மதிக்கவில்லை. தொண்டை ஒரு தரம் மறித்தது. பிறகு இறங்கிவிட்டது.

"முழுங்கிட்டாருப்பா," என்றது ஒரு குரல்.

முனியாயி மிச்ச அரிசியை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"அப்ப தக்கதுன்னு எழுதுவீங்க."

ஹாலாஸ்யம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தன் வாயிலிருந்து வந்த நாற்றம் தனக்கே அடித்தது. மூடிக்கொண்டார்.

"எழுதுறத மெதுவா எழுதுங்க சாமி. ஒண்ணும் அவசரமில்ல. எங்க வீட்டுல தின்னு ஒரு மணி நேரத்துல பிடிச்சுச்சு. காளை மகனுக்கு அதுக்கும் முந்தியே. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

புழுதியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு கிழவர், மேல்துண்டை விரித்து, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு ஒரு கைக்குழந்தைக்காரி. ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை என்று காசிமாயன் இரண்டு சைக்கிள்களை நகர்த்திவைத்தான். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாலாஸ்யம் இடது கையால் கோட்டை இழுத்து வயிற்றின் மேல் பொத்தானைப் போட்டார். வலது கையில் தயிர் காய்ந்து தோல் இழுத்தது. தூக்கில் மீந்த சோற்றில் ஈக்கள் இறங்கியிருந்தன. அவர் ஓட்டவில்லை.

பின்வாசலில் சௌரிராஜன் வந்து நின்றான். "ஸார், ரெண்டு மணி ஆகப்போகுது. ஆபீசர் வந்துட்டார், புகார்ப் புத்தகத்தக் கேக்குறார்." எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு படி பின்வாங்கினான்.

எழுந்து திரும்பினால் நாலு அடியில் ஆபீஸ். கக்கூஸுக்குப் போவதென்றால் முற்றத்தைக் கடந்து, உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். நடுவில் ஓர் ஆள் நடக்கக்கூட அவர்கள் வழி விட்டிருக்கவில்லை. ஹாலாஸ்யம் பெட்டியைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு அடியில், தொப்புளுக்குக் கீழே, ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு, நீளமாகச் சத்தமிட்டது.

முனியாயி தலையை நிமிர்த்தினாள்.