இரண்டாவது கியருக்குப் போகாத வண்டி

"கியர்பாக்ஸ் போச்சும்மா, பன்னெண்டு மணிக்கு வண்டி வாங்கற ஆள் டிரெய்லரோட—" "கியர் ஆயில் பாத்தியா?" "—வந்துருவான், விக்கற பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்னு நீதான சொன்ன—" "சரியாகலன்னா போடறேன்னு சொன்னேன். ஆயில் பாத்தியாடா?" "பாத்தேன், நெறைய இருக்கு." "இன்ஜின் ஓடும்போதா, நிறுத்திட்டா?" கர்ட்டிஸ் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டான். நிறுத்திவிட்டுத்தான் பார்த்திருப்பான், வேறென்ன, நிறுத்தினால் ஆயில் கீழே இறங்கி எந்த முட்டாளுக்கும் நிறைய இருப்பதாகத்தான் காட்டும்... நாற்பத்தாறு வயது, இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர், சனிக்கிழமையும் இஸ்திரி போட்ட சட்டை, நகத்தில் ஒரு பொட்டு அழுக்குக் கிடையாது, இது என் வயிற்றில் பிறந்ததா, என்று நினைத்தபடி வெர்னா பழைய பிக்கப் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள். ஆட்டோமேட்டிக் லீவரை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளி, 'பார்க்' கட்டத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே இறங்கி, பானட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவினாள். அளவு சரி. சிவப்பு. மூக்கருகே பிடித்தாள், கருகல் வாசனை இல்லை. உள்ளே எதுவும் எரியவில்லை, அப்புறம் என்னத்தப் போச்சு? செவ்வாய்க்கிழமையிலிருந்து முதல் கியரிலேயே அலறுகிறது, நாற்பது மைல் வேகம் தொட்டால்தான் தடாலென்று இரண்டாவதில் விழுகிறது. செத்த கியர்பாக்ஸ் நாற்பதிலும் விழாதே. மலையேறுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம், இந்தியானாவில் மலைக்கு எங்கே போக, கண்ணுக்கெட்டிய வரை சோளம்...

"பத்திரம்மா, இடுப்பு!" பால் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டை இன்ஜின் முன்னால் கவிழ்த்துப் போட்டு அவள் ஏறியதற்குத்தான் இந்தக் கத்தல். மார்ச்சில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கடிதப்பெட்டியை இடித்தாளாம், அன்றிலிருந்து ஓட்டாதே, வித்துவிடு என்று இதே பாட்டு, சமையலறை மேசையில் முதியோர் விடுதி விளம்பரம் வேறு, அதில் பல்லைக் காட்டும் கிழவிகள். வண்டி போய்விட்டால் எட்டு மைல் தள்ளியிருக்கும் ஊருக்கு யார் கூட்டிப்போவது, இவனா, வாரம் ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே? "நீ ஓட்டற லட்சணத்துல எந்த கியர்தான்மா மாறும்?" "வாய மூடு, இருபத்தேழு வருஷம் இதத்தான் செஞ்சேன்." கோகமோ ஊரில் கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் சோதனை மேடையில் நின்ற கால் இது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்ல ஒரு குழாய் உண்டு, இன்ஜின் அதன் வழியே காற்றை உறிஞ்சும், உறிஞ்சல் நின்றால் பாரம் ஏறிவிட்டதென்று அது கியரை மாற்றாமல் பிடித்துக்கொள்ளும்... இதையெல்லாம் அப்போது தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்வாள். புருஷன் பேஸ்பால் ஸ்கோரில் தலையை விட்டிருப்பான். இவன், அப்போது பொடியன், தட்டில் பட்டாணியை ஒதுக்கிக்கொண்டிருப்பான். சுவருக்குச் சொல்லியிருந்தால் சுவராவது ஒருநாள் தலையாட்டியிருக்கும்.

கார்புரேட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். கண் வேண்டாம், விரல் போதும். ரப்பர் குழாய் அகப்பட்டது, வெடிப்பில்லை, நல்லதுதான்... அதன் முனை கியர்பாக்ஸுக்கு இறங்கும் இரும்புக் குழலில் இல்லை. தனியாகத் தொங்குகிறது. குழாயின் வாயில் ஏதோ அடைப்பு, மரம். பிடுங்கினாள். ஸ்ஸ்ஸென்று காற்று இழுத்தது, இன்ஜின் குலுங்கித் திணறியது, குழாயை இரும்புக் குழலில் செருகியதும் அடங்கியது. உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று கோல்ஃப் ஆணி, பந்தை நிறுத்திவைத்து அடிப்பார்களே, அது. இந்த வீட்டுப் பக்கம் கோல்ஃப் ஆடுகிறவன் ஒரே ஒருவன்தான். நிமிர்ந்தாள். கர்ட்டிஸ் சோளக்கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றான், காது மடல் சிவந்திருந்தது. திருட்டு நாயே... அறைய வேண்டும் என்று நினைத்தாள், கை எழும்பவில்லை. அங்கே பத்துக் குழாய் இருக்கிறது. இவன் இதையல்லவா பிடுங்கியிருக்கிறான். சும்மா பிடுங்கிவிட்டிருந்தால் முதல் நாளே இன்ஜின் குலுங்கியிருக்கும், அவளுக்குத் தெரிந்திருக்கும், அதனால் அடைத்தும் வைத்திருக்கிறான். ஆயில் பார்க்கத் தெரியாதவன் மாதிரி நடிப்பு வேறு. சோதனை மேடையில் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் இரண்டு பேருக்கு இது தோன்றியிருக்குமா? ஒருவனுக்கு? பட்டாணியை ஒதுக்கிக்கொண்டே அவன் எல்லாம் கேட்டு... கிரேட்டிலிருந்து இறங்காமலே ஆணியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாருடா உனக்கு இதச் சொல்லிக்குடுத்தது?"