எங்க வீட்ல

லிஃப்ட்காரருக்கு மனைவிமேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் அவளுடைய சிரிப்பு.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். ஊரில் பாதி மாடிக் கட்டடங்கள் அவர் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன், மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று அவ்வளவு பதமாகப் பேசுவார். வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த வாய்க்கு யார்தான் பூட்டுப் போடுவார்களோ! "சாப்பாடு", "ரிமோட் எங்க", "சரி". இந்த மூன்றும் வந்துவிட்டால் அன்றைக்கு அவர் நிறையப் பேசிவிட்டார் என்று அர்த்தம்.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீடு இன்னும் ஊமையாகிவிட்டது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் மனைவி, ஒரு நாள் திடீரென்று, "ஏரிப் பூங்காவுல ஓட்டக் குழு ஒண்ணு இருக்காம். காலையில சேர்ந்து ஓடுறாங்களாம். நானும் போகட்டுமா?" என்று கேட்டாள். "சரி" என்றார். வேறென்ன சொல்லப்போகிறார்?

அதிலிருந்துதான் அந்தச் சிரிப்பு. ஓடிவிட்டு வரும்போது மாடிப்படியில் யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டே ஏறுவாள். படுத்தபடியே அவருக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு அது. சாவி போட்டுக் கதவைத் திறந்தாளோ இல்லையோ, சிரிப்பு நின்றுவிடும். பாத்ரூமுக்குப் போய்விடுவாள். யாரைப் பார்த்து அந்தச் சிரிப்பு? என்னைப் பார்த்ததும் ஏன் நிற்கிறது? ஒரேயடியாகக் கையை விட்டுப் போய்விட்டாளோ என்று மனுஷன் உள்ளுக்குள் அரித்துப்போனார். வாயைத் திறந்து அவளையே கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே எதற்கு?

அவர் செய்தது வேறு. ஒரு நாள் காலையில் அவள் கிளம்பிப் போன பின், ஒரு நீலப் பனியனை மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவரும் பூங்காவுக்குப் போனார். மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவதாகத்தான் திட்டம்.

மரத்தை அடையவே இல்லை. தூரத்தில் கை காலை உதறிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒருவர், "அடடே, மச்சான் வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். காதோரம் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. பேக்கரிக்காரர். அவர்தான் குழுவுக்குத் தலைவர். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அவர் பின்னாலேயே மற்றவர்களும், "வாங்க மச்சான்!", "ஒருவழியா வந்தீங்களே மச்சான்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். யாரென்றே தெரியாத இத்தனை பேருக்குத் தான் எப்படி மச்சான் ஆனோம்? பிறகு அவராகவே ஒரு கணக்குப் போட்டார். இவர்களெல்லாம் அவளைத் தங்கச்சியாக நினைத்துப் பழகுகிறார்கள். தங்கச்சி புருஷன் மச்சான்தானே! ஆக, நான் யாரென்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி வீட்டுக்காரி சொல்லி வைத்திருக்கிறாள். நினைக்கவே நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"வேகமா ஓடுறவங்க முன்னாடியே கிளம்பிட்டாங்க. நீங்க முதல் நாள், அதனால நம்ம ஆமை கோஷ்டியோட வாங்க" என்றார் கேப்டன். "இங்க ஒரே ஒரு சட்டம்தான் மச்சான். பேசிக்கிட்டே ஓடணும். பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், குறைச்சுக்கணும்."

ஓடக்கூட ஓடிவிடலாம், பேசிக்கொண்டே ஓடுவதா? மாட்டேன் என்று சொல்வதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. நடுவில் அவரும் நகர்ந்தார். பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு.

"நாள் முழுக்க நான் பேசுறேன், எதிர்ல இருக்கிறவங்க வாயைப் பொளந்துட்டு 'ஆ, ஆ'ன்னுதான் பதில் சொல்றாங்க. இங்கதான் மனுஷங்க பேச்சே காதுல விழுது. எங்க, நீங்களும் ஏதாவது சொல்லுங்க மச்சான்!"

"ஆ..." என்றார் லிஃப்ட்காரர். மூச்சு அவ்வளவுதான் விட்டது.

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள். ஏரிக்கரை வளைவு வருவதற்குள் அவருக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. அவர் நின்றதும் ஒட்டுமொத்தக் கூட்டமும் நின்றது. ஒருவர் அவர் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார், இன்னொருவர், "எனக்கெல்லாம் முதல் நாள் வாந்தியே வந்துச்சு, நீங்க தேவலை" என்றார். இதற்கு முன்னால் தனக்காக இத்தனை பேர் நின்றது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மறுபடி கிளம்பியபோது டாக்டரம்மா விட்ட இடத்திலிருந்து பிடித்தார். "இதுக்கே மலைச்சுப் போகாதீங்க. எங்க சிட்டு சேர்ந்தப்போ உங்களைவிட மோசம். மருந்துக்கடையில வேலை பாக்குறாங்களே, அவங்க. இப்போ பாருங்க, முன்னாடி போற கூட்டத்துல முதல் ஆள். பறக்குறாங்க."

சிட்டா? அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது.

"எல்லாம் அவங்க வீட்டுக்காரரோட சப்போர்ட். 'எங்க வீட்ல சொன்னாங்க, எங்க வீட்ல கேட்டாங்க'ன்னு வாய்க்கு வாய் அவர் பேச்சுதான். ஓடிட்டுப் போனதும், 'இன்னைக்கு யார் வந்தாங்க, என்ன பேசினீங்க'ன்னு உக்காந்து கதை கேப்பாராம். மழை பெய்ஞ்சா துண்டோட வாசல்ல நிப்பாராம். போன மாசம் சிட்டுக்குக் கால் சுளுக்கினப்போ பொழுது விடியுற வரைக்கும் எண்ணெய் தேய்ச்சு விட்டாராம். நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, ஹும்!"

லிஃப்ட்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. என்னை மச்சான் என்கிறார்கள். அப்படியானால் நான்தான் அவள் புருஷன் என்று தெரியும். என்னிடமே அவள் புருஷனைப் பற்றிச் சொல்கிறார்களே, அது யார்? கதை கேட்கிறவன் யார்? எண்ணெய் தேய்த்தவன் எவன்? பயந்தது நடந்தேவிட்டது என்று நினைத்தார். கால்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன.

"அவரு..." என்று இழுத்தார். "அவரு என்ன வேலை?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். லிஃப்ட் ரிப்பேர் பண்றவராம். நேரம் காலமில்லாத வேலை. அப்படியிருந்தும் பொண்டாட்டிகிட்ட எப்படி இருக்கார் பாருங்க!"

இன்னொரு லிஃப்ட்காரனா! தொழிலில் தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் மனதில் வரிசையாக நிறுத்தினார். ஒருவன் பொய்ப்பல்காரன். ஒருவன் வாரம் முழுக்கக் குளிக்க மாட்டான். இன்னொருவன் சொந்த மனைவியின் போனையே எடுக்க மாட்டான். இவர்களில் எவனும் துண்டோடு வாசலில் நிற்கிற ஜாதி இல்லை. பிறகு அந்தச் சுளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். "ஏன் நொண்டுற?" என்று கேட்டார்தான். டிவியில் விளம்பரம் முடிந்துவிட்டதால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அந்த லிஃப்ட்காரன் யார் என்று அப்போதுதான் மெல்ல விளங்கியது. விளங்கியதும் குழப்பம் தீர்ந்ததா? இல்லை, கூடியது. இல்லாத ஒருத்தனை இருக்கிறான் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? கோபப்பட வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா? அவன்மேல் பொறாமையாக வேறு இருந்தது; தன்மேலேயே பொறாமைப்பட்ட ஒரே புருஷன் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

"நீங்க என்ன வேலை மச்சான்?" என்றார் டாக்டரம்மா.

"மேலயும் கீழயும் அலையுற வேலை" என்றார். அவருடைய மூச்சிரைப்பைப் பார்த்து அதற்குமேல் டாக்டரம்மா தோண்டவில்லை.

அந்த நேரம் எதிரே வேகக் கூட்டம் திரும்பி வந்தது. முன்னால் போனவர்கள் திரும்பி வந்து கடைசி ஆளைச் சேர்த்துக்கொண்டு போவது அவர்கள் வழக்கமாம். முதலில் வந்தவள் யாரோ ஒரு பெண், பின்னலை அள்ளிச் செருகி, முகமெல்லாம் வேர்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, தரையில் கால் பாவாமல் வந்தாள். நல்லா ஓடுறாளே என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் அது தன் மனைவி என்று தெரிந்தது. அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது.

கூட்டத்தோடு கூட்டமாகத் தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள். புறப்பட்ட இடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மச்சான் முதல் நாளே முழுச் சுற்றையும் முடித்துவிட்டார் என்று கேப்டன் எல்லோரையும் கைதட்ட வைத்தார். கடையிலிருந்து கொண்டுவந்த பன்னில் பெரியதாகப் பார்த்து ஒன்றை அவர் கையில் திணித்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கூட்டத்தின் மறுகோடியில் ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். கூடவே நீலச் சட்டையில் ஒரு தடியான இளைஞன்.

"மன்னிக்கணும் கேப்டன், லேட்டாயிடுச்சு. நீலச் சட்டையில வருவான்னு சொன்னேனே, என் மச்சான், இவன்தான். எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள தாவு தீந்துபோச்சு."

எல்லோரும் அந்த மச்சானைப் பார்த்தார்கள். பிறகு பன்னும் கையுமாக நின்ற இந்த மச்சானைப் பார்த்தார்கள்.

"அப்போ நீங்க யாரு?" என்றார் கேப்டன்.

லிஃப்ட்காரர் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். நான் இவள் புருஷன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எந்தப் புருஷன்? வாசலில் துண்டோடு நிற்பவனா, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவனா? இவர் வாயிலிருந்து ஏடாகூடமாக ஏதாவது வந்துவிட்டால், இந்தக் கூட்டத்தில் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அவளுக்கென்று இருப்பதே இந்த ஒரு இடம்தான் என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்தது. அவளைப் பார்த்தார். தெரியாது என்று அவள் சொன்னால், வழி தவறி வந்தவன் மாதிரி போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

அவள் எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இவங்கதான்..." என்றாள். "எங்க வீட்ல."

பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு கூச்சல்! "அட, நீங்கதானா அது!" "சொல்லவே இல்லையே சிட்டு!" டாக்டரம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே! உங்களைப் பத்தி உங்ககிட்டயே சொல்லிட்டு வந்திருக்கேன்! ஒரு வார்த்தை வாயைத் திறந்தீங்களா? அமுக்குணி மனுஷன்! நிஜமாவே விடிய விடிய எண்ணெய் தேய்ச்சு விட்டீங்களா?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க விடிய விடிய?" என்றார் லிஃப்ட்காரர். "நடுவுல தூங்கிட்டேன். அவதான் கூட்டிச் சொல்லியிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நாளைக்கும் வந்தே ஆக வேண்டும் என்று மிரட்டி, முதுகில் தட்டி அனுப்பிவைத்தார்கள்.

பூங்கா வாசலைத் தாண்டி இரண்டு தெரு வந்தாயிற்று. அவர் நொண்டி நொண்டி நடந்தார்.

"திட்டணும்னா திட்டிடுங்க" என்றாள் அவள்.

"திட்டத் தோணல. எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கும்தான் புரியல." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு நாள் நல்ல மழை. உங்க வீட்ல என்ன பண்ணுவாங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. துண்டோட வாசல்ல நிப்பாங்கன்னு சும்மா சொல்லிட்டேன். சொல்லும்போது அவ்ளோ நல்லா இருந்துச்சு. அப்புறம் நிறுத்தவே முடியல. சில நாள் எனக்கே குழம்பிடும். படியேறும்போது நிஜமாவே நீங்க கேப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டே வருவேன்."

மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவரில்லை. இனிமேல் துண்டோடு நிற்கிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கால் வேறு கெஞ்சியது. ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அந்த வளைவுகிட்ட உயிரே போயிடுச்சு" என்றார். "ஓடும்போது உனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்?"

திரும்பிப் பார்த்தார். தெருவென்றும் பார்க்காமல் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அவருகூட என்கிட்ட இதைக் கேட்டதில்லங்க" என்றாள்.

எந்த அவர் என்று புரிய லிஃப்ட்காரருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.