விடிந்தால்தான் செவ்வாய்

சந்தனமாரி நீட்டிய பிரேதப் பரிசோதனைச் சான்றில் செவ்வாய்க்கிழமை அதிகாலை மூன்று மணி என்று இருந்தது. கார்த்திகேசனின் கணினித் திரையில் திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணி. இரண்டும் ஒரே சாவைத்தான் குறித்தன.

அவள் கணவன் ஞானையா சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் ஆலையில் இரவுக் காவலர். திங்கள் இரவு பத்து மணிக்குப் பணிக்குப் போனவர், மின்சாரம் தாக்கி இறந்தார். பணி நேரத்தில் இறந்தால் மனைவிக்கு அங்கேயே வேலை உண்டு. விண்ணப்பங்களை ஏற்பதும் தள்ளுவதும் வண்ணார்பேட்டையில் உட்கார்ந்து கார்த்திகேசன் எழுதிய மென்பொருள். அதில் தேதிக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம். படிவம் நிரப்பியவர் கேட்டபோது அவள், "திங்கக்கெழம ராத்திரி மூணு மணி" என்றிருக்கிறாள். அப்படியே பதிந்துவிட்டார்கள். மென்பொருளின் விதி இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தது. பணி தொடங்குவதற்குப் பத்தொன்பது மணி நேரம் முன்பே செத்தவர் என்று தள்ளிவிட்டது.

"ராத்திரி மூணு மணிய எவன் சார் செவ்வாக்கெழமைன்னு சொல்லுதான்? விடிஞ்சாத்தானே செவ்வா?"

கார்த்திகேசன் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். விதி எழுதும்போது அது அவனுக்குத் தோன்றவில்லை. சான்றோடு அவள் மேல்முறையீடு செய்தபோது இன்னொரு விதி மறித்தது: தேதியை மாற்றிச் சொல்பவரின் விண்ணப்பம் நிரந்தரமாக மூடப்படும். அதுவும் அவன் எழுதியதே. போன வருடம் அதற்குப் பாராட்டு வாங்கினான்.

மேலாளர் கணேஷ்ராம் இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "ஒண்ணத் தெறந்தா நானூறு வரும் வே. இனிமே வாரதுக்குச் சரி பண்ணும், போதும்."

கார்த்திகேசன் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தான்: விடியும் முன்பா, விடிந்த பிறகா? சரிபார்க்க, ஞானையாவின் விவரங்களையே சோதனையாகக் கொடுத்தான். திரையில் பச்சை விழுந்தது. 'பணியில் இறந்தார். ஏற்கப்பட்டது.'

பின்னால் நின்ற சந்தனமாரி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "வந்துட்டுல்லா சார்?"

"இது சும்மா சோதனை, அக்கா. நெசம் இல்ல."

"அவுக பேருதான போட்டிருக்கு?"

அவன் தலையாட்டினான்.

"இத ஒரு தாள்ல எடுத்துத் தாங்க. எம் மவகிட்ட காட்டணும். குடிச்சிட்டு எங்கயோ விழுந்து செத்தாருன்னு ஊர்ல பேசுதாவ."

"அந்தத் தாள வச்சு நாக்கு வழிக்கவா?" கணேஷ்ராம் சிரித்தார்.

கார்த்திகேசன் அச்சுப்பொறியைப் பார்த்தான். பிறகு கணேஷ்ராமைப் பார்த்தான். சோதனை முடிந்த சிறிது நேரத்தில் அதன் விவரங்களை மென்பொருளே அழித்துவிடும். அவன் அச்சுக்குக் கொடுக்குமுன்பே திரையில் முதலில் நேரம் போயிற்று, அடுத்துத் தேதி, கடைசியில் பெயர். சந்தனமாரியின் விரல் திரையைத் தொடாமல், பெயர் இருந்த இடத்துக்கு நேரே அப்படியே நின்றது.