முட்டை போடாத கேக்

குணலட்சுமிக்கு நாரி விட்டுப்போயிருந்தது. காலை ஏழு மணியிலிருந்து பஞ்சலிங்கத்தாரின் வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கியவள், பின்னேரம் தன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது பாதி மடிந்தபடிதான் வந்தாள். நிமிரப் பார்த்தால் முள்ளந்தண்டில் யாரோ மண்வெட்டிப் பிடியால் போடுவதுபோல இருந்தது. குசினிச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்கு முன்னால் ஒரு கொப்பித் தாள் சரசரத்தது.

"ஐஞ்சு பேர்தான் அம்மா. எல்லாம் என்ரை வகுப்புப் பிள்ளையள்" என்றாள் மகள் தவமலர்.

வருகிற சனிக்கிழமை தவமலருக்குப் பதின்மூன்று. புலமைப்பரிசில் பாஸ்பண்ணி உடுவில் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறாள். தாளில் முதலாவது பெயர் சுபத்திரா. பஞ்சலிங்கத்தாரின் மகள்.

குணலட்சுமி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "சீனிக்கு எங்கை போறது? கொப்பரும் இல்லை."

தகப்பன் இளையதம்பி வன்னிக்கு நெல் அரிவு வெட்டப் போனவன், கடல்நீரேரி கடக்க வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டான். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் குடாநாட்டுக்குள் வராத காலம் அது.

"நான் ரண்டு மாசமாத் தேத்தண்ணிக்குச் சீனி போடேல்லை. நிவாரணச் சீனி அப்பிடியே ரின்னிலை கிடக்கு. மாவும் கிடக்கு" என்றாள் தவமலர். "சுபத்திரான்ரை பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டவள்தானே. நான் கூப்பிடாட்டி நல்லாவோ இருக்கும்?"

அந்தப் பிறந்தநாளைக் குணலட்சுமி மறக்கவில்லை. அன்று தவமலர் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள்: "மற்றவைக்கெல்லாம் சாப்பாட்டுக் கோப்பையிலை தந்தவை அம்மா. எனக்கு மட்டும் வாழையிலையிலை, வடிவா வெட்டித் தந்தவை." குணலட்சுமி ஓமெண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அதே வீட்டுக் கிணற்றடி வேலியில் ஒரு தகரப் பேணி கவிழ்ந்து கிடக்கும். வேலைக்குப் போகிற குணலட்சுமிக்குத் தேத்தண்ணி ஊற்றுவது அதில். குடித்துவிட்டு அவளே கழுவி அவளே கவிழ்க்க வேண்டும். அதைப்பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் ஒரு சொல் கதைத்ததில்லை. இயக்கப் பெடியளின் ஆட்சியில் சாதி கதைத்தால் தண்டனை. ஆகவே ஊர் சாதி கதைப்பதை விட்டுவிட்டு விரதம் கதைத்தது, வயிற்றுக்குத்துக் கதைத்தது, இப்பதான் சாப்பிட்டு வந்தனான் என்றது.

"எங்கடை வீட்டை அவை வந்து..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

தவமலர் சிரித்தாள். "அதெல்லாம் கிழடுகளின்ரை கதை அம்மா. இப்ப ஆர் பாக்கினம்? வகுப்பிலை ஒரே வாங்கிலை ஒண்டாத்தானே இருக்கிறம். அவளின்ரை தண்ணிப் போத்திலிலை நான் குடிக்கிறன்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதிலைத் தாயின் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். ஓமென்றால் ஐந்து பிள்ளைகள் வந்து பாயில் வரிசையாக இருந்து, மகளின் கையிலிருக்கிற கேக்கைப் பார்த்துவிட்டுக் கையை மடிக்குள் வைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலி.

இரவு முழுக்கப் புரண்டு, காலையில் அந்த வேலியில் நுழைந்து போக ஒரு பொட்டைக் கண்டுபிடித்தாள்.

"சனி வேண்டாம். வெள்ளிக்கிழமை வை. உன்ரை நட்சத்திரம் வெள்ளிதான். அருச்சனையும் அண்டைக்குத்தானே செய்யிறது."

"வெள்ளியிலை அவை சைவமெல்லே? முட்டை..."

"முட்டை இல்லாட்டிக் கேக் கல்லுமாதிரி வரும்."

தவமலர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு "சரி" என்றாள்.

முட்டை நான்கையும் மாவையும் சீனியையும் எடுத்துக்கொண்டு குணலட்சுமி கத்தரீனாவிடம் போனாள். கத்தரீனா கடற்கரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஒழுங்கை முடக்கில் கொட்டில் போட்டிருப்பவள். போறணை இல்லாமலே, பெரிய பானைக்குள் மணல் போட்டு, மூடிமேல் சிரட்டைத் தணல் கொட்டிக் கேக் வேகவைப்பாள்.

"எடி குணம், வெள்ளிக்கிழமை முட்டைக் கேக்கோ?" என்றாள் கத்தரீனா. "உங்கடை சைவக்காரப் பெட்டையள் ஆர் தின்னப்போகுதுகள்?"

"தின்னாட்டிப் பரவாயில்லை அக்கா."

"பின்னை ஏன் சுடுறாய்? காகத்துக்கோ?"

குணலட்சுமி மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தின்னமாட்டுதுகள் எண்டு எனக்குத் தெரியும். முட்டையாலைதான் தின்னேல்லை எண்டு அவள் நினைக்கட்டும்."

கத்தரீனா கொஞ்ச நேரம் முட்டைகளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "மாதாவே" என்று மெல்லச் சொல்லிவிட்டு, வியாழன் இரவு சுட்டுவைப்பதாக எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள்.

வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். சுபத்திரா, கமலாவதி ரீச்சரின் மகள் யாழினி, யாழினி இழுத்துக்கொண்டு வந்த எட்டு வயதுத் தங்கச்சி. மற்ற இருவருக்கும் காய்ச்சலாம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில். தவமலர் இரவல் கதிரைகள் இரண்டைத் துடைத்துப் போட்டிருந்தாள். முற்றம் கூட்டிச் சாணம் தெளித்திருந்தது. வாசலில் மாவிலைகூடக் கட்டியிருந்தாள்.

சுபத்திரா குணலட்சுமியைப் பார்த்து வாயைத் திறந்து மூடினாள். தங்கள் தோட்டத்தில் அவளைக் "குணம், இஞ்சை வா" என்று கூப்பிட்டுப் பழகிய வாய். சிநேகிதியின் தாயை "அன்ரி" என்று கூப்பிட வேண்டும். இரண்டும் வரவில்லை. சும்மா சிரித்தாள்.

கேக் வெட்டினார்கள். தவமலர் முதல் துண்டைத் தூக்கிச் சுபத்திராவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

சுபத்திரா பின்னால் சாய்ந்தாள். "வெள்ளியெல்லே தவம். முட்டை போட்டிருக்கும்."

குணலட்சுமி குசினி வாசலில் நின்று மூச்சை விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

தவமலரின் முகம் விரிந்தது. "அது எனக்குத் தெரியாதே? வியாழக்கிழமை கத்தரீனா அக்காட்டைப் போய், அம்மாக்குச் சொல்லாதையுங்கோ எண்டு கெஞ்சி, முட்டையைத் திருப்பி வாங்கிப்போட்டன். வாழைப்பழம் பிசைஞ்சு போட்டுச் செய்விச்சனான். ஒரு துளி முட்டை இல்லை. சாப்பிடு."

துண்டு அந்தரத்தில் நின்றது. சுபத்திரா யாழினியைப் பார்த்தாள். யாழினி தன் செருப்பைப் பார்த்தாள்.

"நான் இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்றாள் சுபத்திரா. அவளுடைய காது சிவந்துபோயிருந்தது.

"எனக்கு வயித்துக்குள்ளை ஒரு மாதிரி" என்றாள் யாழினி.

தவமலர் கையை எடுக்கவில்லை. "கொஞ்சமெண்டாலும். ஒரு கடி."

குணலட்சுமி அதற்குமேல் நிற்கவில்லை. நாரியைப் பிடித்துக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினாள். வேலிக்கு அங்கால் நமசிவாயத்தாரின் தென்னந்தோட்டம். அவர் கயிற்றுக் கட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மூண்டு இளநி வேணும். அவசரம்."

நமசிவாயத்தார் வேலியால் எட்டிப் பார்த்தார். கதிரைகளில் இருந்த பிள்ளைகளைக் கண்டார். வாயின் ஒரு பக்கம் கோணியது. "ஆ, பெரிய இடத்து ஆக்கள். ஓமோம், இளநிதான் வேணும். அதிலை ஒருதற்றை கையும் படாதெல்லே."

இளநீரை அவரே சீவி வேலிக்கு மேலால் நீட்டினார். குணலட்சுமி மூன்றையும் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தாள்.

மூன்று பேரும் எடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவளும் எடுத்தாள், வயிற்றுக்குள் ஒரு மாதிரியானவளும் எடுத்தாள். தலையை அண்ணாந்து, கழுத்தால் வழிய வழியக் கடைசித் துளிவரை குடித்தார்கள். தாகமும் தப்பின ஆறுதலும் ஒன்றாய்ச் சேர்ந்து இறங்கின.

சின்னவள் வாயைப் புறங்கையால் துடைத்தாள். அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா சொன்னது சரிதானே அக்கா. இளநி தந்தாக் குடிக்கலாமெண்டு."

யாழினி அவளின் கையைக் கிள்ளினாள். சின்னவள் அழத் தொடங்கினாள். சுபத்திரா எழும்பிப் பாவாடையைத் தட்டினாள். "நேரம் போட்டுது தவம். அம்மா தேடுவா." படலையடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சைக்கிள்கள் ஒழுங்கையால் போயின.

தவமலர் அசையாமல் நின்றாள். கையிலிருந்த துண்டு பிசிறிப் பிசிறி நிலத்தில் விழுந்தது. கோழி வந்து கொத்தியது.

"உங்களுக்கு முன்னமே தெரியும்" என்றாள்.

"ஓம்."

"வெள்ளி எண்டு சொன்னதும் உதுக்குத்தான்."

"ஓம்."

"பேந்தேன் எனக்குச் சொல்லேல்லை?"

குணலட்சுமி கதிரையில் இருந்தாள். சொல்லியிருந்தாலும் இதே முற்றம், இதே பிள்ளை, இதே முகம்.

"திங்கக்கிழமை நான் அவளுக்குப் பக்கத்திலைதான் இருக்க வேணும்" என்றாள் தவமலர். "வாங்கு மாத்தித் தரமாட்டினம்."

"இரு. நானும் திங்கக்கிழமை அவையின்ரை பாத்திக்குள்ளைதான் இருக்க வேணும்."

தவமலர் அழவில்லை. கேக்கை மூடி வைக்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வேலியடியில் நமசிவாயத்தார் இருமினார். "குணம், இளநிக்குக் காசொண்டும் வேண்டாம். மெசினுக்கு எண்ணெய் இல்லை, துலாவாலைதான் இறைக்கிறன். நாளைக்கு விடிய வந்து வாய்க்காலிலை நிண்டு தண்ணி மாறிவிடு."

"நாளைக்கு ஏலாது ஐயா. பிள்ளையைத் தனிய விட்டிட்டு வரேலாது."

"அப்ப உனக்கு ஏலுற நாளிலை வா. ஆனா மறந்திடாதை."

"மறக்கமாட்டன்."

மூன்று இளநீருக்கு ஒரு முழு இறைப்பு. அந்த வேலைக் கடனைக் குணலட்சுமி நமசிவாயத்தாருக்கு இன்னும் தீர்க்கவில்லை.