ஏழாம் எண்ணில் மூச்சு

1.
இந்தக் கதைக்கு நான்தான் காரணம். எழுத்தாளன் என்ற முறையில் அல்ல, குற்றவாளி என்ற முறையில். எங்கள் சபையில் இளைஞர்களுக்கென்று ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. ஐந்து வாரம் முன்பு அதில் இப்படி எழுதி ஒட்டினேன்: "பாடகர் குழுவில் புதிய இசைக்கருவி சேர்ந்துள்ளது. பெயர் குக்கர். மூன்றாவது விசில் வந்தால் ஆமென் வெந்துவிட்டது என்று பொருள்."

சபையே சிரித்தது. நான் குக்கர் என்று எழுதியது குழுவில் பாடும் தையலக்காவை; அவரும் சிரித்தார். மறுநாள் ஆயரிடம் போய், பக்கத்துத் தெரு சபைக்கு மாறிப்போக ஒரு கடிதம் கேட்டார்.

2.
முதல் தொடக்கம்: ஒற்றுமை என்பது பூமாலை போன்றது. அதில் பல நிறப் பூக்கள்

(நிறுத்திவிட்டேன். இதை முடித்தால் சபையின் ஆண்டு மலரில் போட்டுவிடுவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: என் அத்தை தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடுபவர். வீட்டிலும் எடை போடாமல் ஒரு சொல்

(பொய். எடை போடாமல் பேசியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.)

உள்ளபடி சொல்கிறேன். பாடகர் குழுவில் அத்தையும் தையலக்காவும் பதினொரு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கடைசிப் பாட்டின் ஆமென் பன்னிரண்டு எண்ணிக்கை நீளம். ஒரே மூச்சில் அதைப் பாட எங்களில் யாராலும் ஆகாது. அதனால் எங்களுக்கு ஒரு விதி: அருகருகே நிற்பவர்கள் ஒரே நேரத்தில் மூச்செடுக்கக் கூடாது. அத்தை நான்கில் எடுப்பார், தையலக்கா ஏழில். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் குரலைப் பிடித்துக்கொள்வார். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அறுபடாத ஒரே குரல்.

தையலக்காவின் நெஞ்சில் இருபது வருடத் துணித்தூசி இருக்கிறது. ஏழில் மெல்லிய விசில் வரும். பாட்டு முடிந்து உட்காரும்போது அத்தை அவர் காதில், "குக்கரு, அடுப்ப அணைக்கவா?" என்பார். தையலக்காவின் தோள் குலுங்கும். அது அவர்கள் இருவருக்கு மட்டுமான சிரிப்பு. ஒருநாள் சாப்பிடும்போது அத்தை அதை ஆசையாக எங்களிடம் சொன்னார். நான் பலகைக்குக் கொண்டுபோனேன்.

3.
மன்னிப்புக் கேட்கத் தையல் கடைக்குப் போனேன்.

"உம்மேல என்னப்பா கோவம்? நீ சாவு வீட்லயும் சிரிக்கிற ஆளு." நூலைப் பல்லால் கடித்தார். "என் காதுல சொன்னத ஊர் காதுக்கு விட்டுட்டாங்க உங்க அத்தை. அதான்."

"பாசமாத்தான்க்கா சொன்னாங்க."

"பாசமா இருந்தா பத்திரமா வச்சிருக்கணும். தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

(என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் இந்தக் கடைசி வாக்கியம்.)

இப்போதும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள், பேச்சு இல்லை. ஏழு வந்ததும் தையலக்கா வாயை மூடிக்கொள்கிறார். மூச்செடுப்பதில்லை, மீதியைப் பாடுவதுமில்லை. அத்தையோ அதே இடத்தில் குரலை உயர்த்துகிறார். பின்வரிசையில் நிற்கும் எனக்கு அது கோபமாகப் பட்டது.

ஆயர் ஐந்து வாரமாகக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனா தேடுகிறார். (அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஆயரைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.) நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் கையோடு வாங்கிப்போகத் தையலக்கா பேனாவும் தானே கொண்டுவருகிறாராம்.

4.
முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அத்தையை உங்களுக்குத் தெரியாதா?)

முடிவு ஆ: ஏழு வருகிறது. அத்தை வேண்டுமென்றே விசிலோடு மூச்சை இழுக்கிறார். அந்த மறைவில் தையலக்காவும் இழுக்கிறார். எது யாருடைய விசில் என்று தெரியவில்லை.

இது எனக்கு மிகவும் பிடித்துப்போய், இன்று சாயங்காலம் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிப் பண்ண மாட்டேன்."

"ஏன் அத்தை?"

"ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு வாங்கினா பாட்ட யாருடா தாங்குறது?" ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "அஞ்சு வாரமா ஏழு வந்ததும் சத்தத்தக் கூட்டிப் பாடுறேன். அவ விசில் வெளிய கேக்காது, தைரியமா எடுக்கலாம். எடுக்க மாட்டேங்குறா."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"வாயால சொல்லித்தான இவ்வளவும் ஆச்சு."

5.
இதைப் பலகையில் ஒட்டத்தான் எழுதத் தொடங்கினேன். ஒட்டினால் அதே குற்றம் இரண்டாம் முறை. அதனால் அத்தையிடமே கேட்டேன். "அவகிட்ட மட்டும் குடு," என்றார்.

ஆகவே, வாசகரே என்று நான் இதுவரை மனதில் வைத்திருந்த கூட்டம் கலைந்து போகலாம். தையலக்கா, வாசகர் நீங்கள் ஒருவர்தான். நாளைக் காலை, ஆராதனைக்கு முன்னால், இந்தத் தாள் உங்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கும்.*

முடிவு எழுத எனக்கு உரிமையில்லை. கடிதம் வாங்கினாலும் வாங்குங்கள். ஆனால் அதற்கு முன் ஓர் ஆமென் இருக்கிறது. ஏழில் அத்தை சத்தத்தைக் கூட்டுவார். இந்த முறை பின்னாலிருந்து நானும். அவசரமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. நீங்கள் திரும்பி வரும்வரை அந்தக் குரலை நாங்கள்

————
* தாள் இது ஒன்றுதான், நகல் எடுக்கவில்லை. வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அக்கா கொடுத்துப் படிக்கிறீர்கள் என்று பொருள்.