கை ஜாக்கிரதை

'ரெண்டாவது ஷிப்ட்' என்ற பங்க் ராக் குழுவின் முதல் ஆல்பமான 'கை ஜாக்கிரதை'யைப் புதுச்சேரியில் வெகுநாள் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. நான்காவது பாட்டு தொடங்கியதும், அது ஒலிக்கும் அறையிலுள்ள திருகாணிகள் எல்லாம் தாமாகச் சுற்றிக் கழன்று விழுந்தன. ஸ்பீக்கரும் பிரிந்துவிடுவதால் பாட்டு அத்தோடு நின்றுவிடும். இயர்போனில் கேட்டால் செல்போன் வாய் பிளந்தது. மேடையில் வாசித்தால் டிரம் உருண்டது. பெண்களின் கம்மல்கூடத் தப்பவில்லை. ரெட்டியார்பாளையத்தில், துருவேறி வருஷக்கணக்காக அசையாத கிரில்களை இந்தப் பாட்டைப் போட்டே கழற்றினார்கள். பழைய இரும்பு வியாபாரிகள் ஆல்பத்தை மனதாரப் பாராட்டினார்கள். விமர்சகர்கள் அப்படியில்லை. சென்னைக்காரர் ஒருவர் மூன்று பாட்டைக் கேட்டுவிட்டு வெறும் கூச்சல் என்று எழுதினார். நாற்காலி பிரிந்து கீழே விழுந்த இன்னொருவர், தன் இடுப்பைப் பற்றியே அதிகம் எழுதினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணலாகிப் போனதால் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

பாடகி துர்காவுக்குத் திட்டெல்லாம் பொருட்டில்லை. கடைசியான ஏழாவது பாட்டு ஒரு காதிலாவது விழ வேண்டும், அவ்வளவுதான். அதை எழுதியவன் அவள் அண்ணன் விஜய், முன்பு குழுவில் கிடார் வாசித்தவன். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையின் பிரஸ் மெஷினில் அவனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. வேலை வேகமாக நடக்கட்டும் என்று, கையைக் காக்கும் தகட்டை முதலாளியே கழற்றச் சொல்லியிருந்தார். பிறகு, பையன் அஜாக்கிரதை, சுவரில்தான் 'கை ஜாக்கிரதை' என்று போர்டு இருக்கிறதே என்றார். ஊர் நம்பியது. அம்மா ஜெயமும் நம்பினாள். விரல் போனதைவிட அதுதான் விஜய்க்கு வலித்தது.

ஊரில் இருந்த ஒரே இசை விமர்சகர் முகிலன், பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர். துர்கா அவரிடம் போனாள்.

"முழுசா கேட்டுட்டு திட்டுங்க சார், பரவால்ல."

"கேக்கணும்னுதாம்மா பாக்கறேன். ஸ்பீக்கர் நிக்க மாட்டேங்குது."

"அப்ப ஆளுக்கொரு ஸ்க்ரூவா புடிச்சுக்கலாம் சார்."

ஸ்பீக்கரில் நான்கு திருகாணிகள் இருந்தன. துர்கா வீட்டில் அதைத் தரையில் வைத்து, அவளும் முகிலனும் டிரம் வாசிக்கும் அஸாருதீனும் ஆளுக்கொரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்கள். நான்காவது மூலை விஜய்க்கு. இடது கை இருந்தும், கட்டைவிரல் மிஞ்சியிருந்த வலது கையையே அன்று வைத்தான். மின்விசிறி இறக்கை விழுந்தது, அலமாரிக் கதவு சாய்ந்தது, யாரும் அசையவில்லை. ஆறாவது பாட்டில் விஜயின் பிடி நழுவத் தொடங்கியது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெயம் ஈரக்கையோடு வந்து, அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அதனால்தான் ஏழாவது பாட்டை அவளும் கேட்க வேண்டியதாயிற்று.

"அந்தத் தகட்ட மொதலாளிதான் கழட்டச் சொன்னாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்கிட்ட சொல்லலியேடா."

"சொன்னேம்மா."

பாட்டு முடிந்ததும் வீட்டிலிருந்த திருகாணிகள் எல்லாம் தாமே எழுந்து, தத்தம் துளைகளுக்குப் போய் இறுகிக்கொண்டன. ஜெயம் மட்டும் கையை எடுக்கவில்லை.

கைகள் வேலையாக இருந்ததால் முகிலன் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. அவருடைய விமர்சனம் இவ்வளவுதான்: "நான்கு பேராகக் கேளுங்கள். ஏழாவது பாட்டு முடியும்வரை கையை எடுக்காதீர்கள். அஜாக்கிரதை யாருடையது என்று அதில் இருக்கிறது."

அதன்பின் கதிர்காமம் வரைக்கும் மக்கள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பட்டறையிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் நான்கு தொழிலாளிகள் முழுதாகக் கேட்டார்கள். மூலையில் கிடந்த காப்புத் தகடு மெஷினில் போய் உட்கார்ந்து இறுகியது. முதலாளி காஸ் கட்டர் வரவழைத்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. இப்போது அங்கே வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது.