பதின்மூன்றாம் மண்டலத்துப் பூப்பாத்தி

12.11.2024, செவ்வாய். லவேந்தர் விதை வாங்கியது என் தவறு. மண்டல எண் பெரிதாக இருந்தால் எந்தச் செடியும் வளரும் என்று நினைத்துவிட்டேன்.

தோட்டக் குறிப்பேட்டில் இப்படி எழுதி முடித்த கேதரின் விதைப் பொட்டலத்தை மறுபடியும் படித்தாள். ஐந்தாம் மண்டலம் முதல் ஒன்பதாம் மண்டலம் வரை மட்டும். உலகத் தாவர மண்டல வரைபடத்தில் அவளுடைய மலேசிய ஊரான பாடாங் செராய் பதின்மூன்று. அங்கே தேவாலயத்து முன்பாத்தியை முதல்முறையாக அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். பிப்ரவரித் திருவிழாவுக்கு அது பூத்திருக்க வேண்டும்.

தோட்டக்கலை மாலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புவனேசன் எட்டிப் பார்த்தான்.

"பதிமூனு பெருசு, பாஸாயிடும்னு நெனச்சியா? இது பரீட்சை மார்க் இல்ல லா."

"சிரிங்கண்ணே. குளிர் எவ்வளவு அடிக்கும்னுதான் அந்த நம்பர் சொல்லுது. நமக்குத்தான் குளிரே கெடையாதே."

"அப்ப நமக்கு என்னதான் அடிக்கும்?"

கேதரினுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஜனவரி பிறந்தால் மழை நின்றுவிடும், ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். அந்த வறட்சியில்தான் காகிதப்பூ இலை தெரியாமல் பூத்துத் தள்ளும்.

"வெயிலுண்ணே! புங்கா கெர்தாஸ், அதான் காகிதப்பூ, வெச்சா திருவிழா நேரத்துல வெயிலே பூக்க வெச்சிடும்."

"இத நீயே கண்டுபிடிச்சியா?"

"தப்பா இருக்குமோ?"

"எங்க வீட்டு வேலிய வந்து பாரு. பிப்ரவரியில பூ மறைச்சு வாசல் கேட்டே தெரியாது."

அவள் வேகமாக எழுதினாள். நாளை வேலை முடிந்ததும் நாற்றுக் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு காகிதப்பூச் செடிகள் எடுக்க வேண்டும்.